ஆள் சேர்த்தால் பரிசு: அந்தப் பணம் யாருடையது?

ஏற்காட்டில் மே மாதத்துக் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் சேர்வராயன் கோயில் திருவிழாவும் முடிந்துவிட்டால், கடைத்தெருவில் ஈ ஓட்டும் காலம் தொடங்கிவிடுகிறது. சனி, ஞாயிறுகளில் நாலு வண்டி மேலே ஏறி வரும். மற்ற நாட்களில் மழையும் மூடுபனியும்தான் கடைக்கு வரும் விருந்தாளிகள். வாடகையும் மின்கட்டணமும் மட்டும் பருவம் பார்ப்பதில்லை.

இந்த மந்த காலத்தில் நம் இளைய வணிகர்கள் சிலர் ஒரு யோசனையை முன்வைக்கிறார்கள். “பழைய வாடிக்கையாளர் ஒருவர் புதிதாக ஒருவரைக் கடைக்கு அழைத்து வந்தால் அவருக்கு ஒரு பரிசு கொடுத்தால் என்ன? கைப்பேசியில் வரும் நிறுவனங்களெல்லாம் இப்படித்தானே ஆள் பிடிக்கின்றன?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. முயற்சி செய்ய நினைப்பவரை “அதெல்லாம் நமக்கு ஒத்துவராது” என்று ஒரே வார்த்தையில் உட்கார வைப்பது பெரியவர்களுக்கு அழகல்ல. ஆகவே இதைச் சற்று விரிவாகவே அலசிப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆள் சேர்த்தால் பரிசு என்பது நமக்குப் புதிதல்ல. மலைவாசஸ்தலம் எதிலும் கண்கூடாகக் காணும் வழக்கம் ஒன்று உண்டு. சுற்றுலாப் பயணியை ஏற்றி வரும் ஓட்டுநர் “நல்ல தேன் இந்தக் கடையில்தான், நல்ல மிளகு அந்தக் கடையில்தான்” என்று சொல்லி ஒரு கடை வாசலில் வண்டியை நிறுத்துவார். பயணி வாங்கிக்கொண்டு போன பிறகு கடைக்காரர் அவருக்குக் கமிஷன் கொடுப்பார். ஓட்டுநரை நாம் குறை சொல்லவில்லை. அவருக்கும் வீடு, வாசல், பிள்ளைகள் உண்டு. ஆனால் அந்தக் கமிஷனைக் கொடுத்தவர் யார் என்று கேட்டால் கடைக்காரர் என்று சொல்ல முடியாது. மிளகின் விலையில் ஏற்றிவைத்துப் பயணியிடமிருந்து வாங்கித்தான் கொடுத்தார். சேலத்துக்கு இறங்கிய பிறகு அதே மிளகின் விலையைச் செவ்வாய்ப்பேட்டையில் விசாரிக்கும் பயணி, “ஏற்காட்டில் ஏமாற்றிவிட்டார்கள்” என்று சொல்கிறாரே தவிர, “இன்ன கடையில் ஏமாற்றினார்கள்” என்று சொல்வதில்லை. ஒரு கடை வாங்கிய கெட்ட பெயர் மலை முழுவதற்கும் ஆகிறது.

ஆகவே பரிசுத் திட்டம் எதுவானாலும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்தப் பரிசுப் பணம் யாருடைய பையிலிருந்து வருகிறது என்பதுதான்.

இதற்கு நேர்மாறான ஒரு வழக்கமும் நம் மலையில் உண்டு. மலைக் கிராமங்களிலிருந்து கடைத்தெருவுக்கு வரும் மலையாளி மக்களிடையே, ஒரு வீட்டார் ஒரு கடையில் கணக்கு வைத்தால் சில மாதங்களில் பக்கத்து வீட்டாரும் அதே கடைக்கு வருவார்கள். காது குத்து, கல்யாணம், திருவிழா என்றால் பெரிய சாமான் பட்டியலே அந்தக் கடைக்குத்தான் வரும். யாருக்கும் கமிஷன் கிடையாது. “நான் அங்கேதான் வாங்குகிறேன், எடை சரியாக இருக்கும்” என்ற ஒரே சொல்தான். அந்தச் சொல்லைச் சொல்பவர் உண்மையில் என்ன செய்கிறார்? நமக்காக ஜாமீன் நிற்கிறார். பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை. தம் பெயரையே பிணையாக வைக்கிறார். நாம் எடையில் தவறினால் நம்மைக் கேட்கும் முன்பு ஊரார் அவரைத்தான் கேட்பார்கள்.

இதை நாம் நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நமது கடையில் நாமே பட்டுத் தெரிந்துகொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன், மளிகையோடு காப்பிக்கொட்டை வறுத்து அரைத்தும் விற்றுவந்தோம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்பது ஏற்காட்டுப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. அப்படிப்பட்ட ஊரிலேயே நம் காப்பித்தூள் ஓடவில்லை. உறையில் அடைத்து வரும் பெரிய கம்பெனிகளின் தூள் நன்றாக ஓடியது. என்ன செய்வதென்று யோசித்து ஒரு திட்டம் போட்டோம். பழைய வாடிக்கையாளர் ஒருவர் புதியவரை அழைத்து வந்து, அவர் அரைக் கிலோ வாங்கினால், அழைத்து வந்தவருக்கு 100 கிராம் இலவசம். அட்டை எழுதி வாசலில் தொங்கவிட்டோம். முதல் மாதத்தில் கூட்டம் வந்தது. கல்லாவும் நிறைந்தது.

மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இலவசமாகப் போன தூள் லாபத்தை விழுங்கிவிட்டது என்று. திட்டத்தை நிறுத்த மனம் வரவில்லை. செய்யக் கூடாத ஒன்றைச் செய்தோம். சிக்கரியைக் கூட்டினோம். காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது உணவுச் சட்டத்தின் விதி. அந்த அளவுக்குள்தான் நின்றோம். ஆனால் சட்டத்துக்குள் நின்றோமே தவிர, வாங்குபவரிடம் கலவையை மாற்றியதைச் சொல்லவில்லை. நாக்குக்குச் சட்டம் தெரியாது, சுவைதான் தெரியும்.

புதிதாக வந்தவர்கள் ஒரு முறை வாங்கியதோடு சரி. அதுகூடப் பரவாயில்லை. நம் கடைக்குப் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த ஓர் அம்மையார், நாகலூர்ப் பக்கத்துக்காரர், நாலைந்து வீட்டாரை அழைத்து வந்தவர், ஒரு நாள் இரண்டு பொட்டலங்களைக் கொண்டுவந்து பலகை மேல் வைத்தார். நாம் பரிசாகக் கொடுத்த தூள், பிரிக்காமல் அப்படியே இருந்தது. “தம்பி, என் பேரைச் சொல்லி வந்தவங்க இப்ப என்னையத்தான் கேக்கறாங்க. இதுக்காகத்தான் கூட்டிட்டுப் போனியான்னு கேக்கறாங்க. இது எனக்கு வேணாம்” என்றார். சண்டை போடவில்லை. பாக்கி எவ்வளவு என்று கேட்டு, கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் நம் கடைப் படி ஏறவில்லை. அவர் அழைத்து வந்த வீடுகளும் போயின. அவருக்கு முன்பே நம்மிடம் வாங்கிக்கொண்டிருந்த அவருடைய உறவினர் வீடுகளும் போயின.

ஓட்டுநர் கமிஷனைப் பழிக்கும் நாமே அதைத்தான் செய்திருந்தோம். அவர் விஷயத்தில் பணம் மிளகின் விலையிலிருந்து வந்தது. நம் விஷயத்தில் காப்பியின் தரத்திலிருந்து வந்தது. இரண்டிலும் பரிசுக்கான பணத்தைக் கொடுத்தவர் நம்பி வந்த புதியவர். இரண்டிலும் பெயரைக் கெடுத்துக்கொண்டவர் அழைத்து வந்தவர்.

பெரிய இடத்து அனுபவமும் இதையே சொல்கிறது. ‘பீம்’ செயலியை நாம் அனைவரும் அறிவோம். 2016 டிசம்பர் 30 அன்று மத்திய அரசு அதை வெளியிட்டது. 2017 ஏப்ரல் 14 அன்று அதற்கு இரண்டு ஊக்கத் திட்டங்களை அறிவித்தது. ஒன்று, புதியவரைச் சேர்ப்பவருக்குப் பரிசு. மற்றொன்று, வணிகர்களுக்குப் பணம் திரும்பும் சலுகை. இரண்டுக்குமாக ஆறு மாத காலத்துக்கு 495 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. புதிதாகச் சேர்ந்தவர் வெவ்வேறு மூவருக்குப் பணம் அனுப்பினால்தான் பரிசு என்று விவரமாகவே விதி வகுத்திருந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 18 அன்று கூகுள் நிறுவனம் ‘தேஸ்’ என்ற பெயரில் தன் செயலியைக் கொண்டுவந்தது. பின்னர் கூகுள் பே என்று பெயர் மாறியது இதுதான். சேர்ப்பவருக்கும் சேர்பவருக்கும் ஆளுக்கு 51 ரூபாய் கொடுத்தார்கள்.

இரண்டு தரப்பும் பரிசு கொடுத்தன. இன்று நம் கடைகளில் எந்தச் செயலியிலிருந்து பணம் வருகிறது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். போன்பே, கூகுள் பே இரண்டும்தான் பெரும்பகுதி. நாட்டின் மொத்த யுபிஐ பரிவர்த்தனைகளில் பீம் செயலியின் பங்கு 2024-ல் ஒரு சதவீதத்துக்கும் கீழே இருந்தது. அரசின் பெயரும் இருந்தது, பரிசும் இருந்தது. ஆனாலும் வாடிக்கையாளர் அன்றாடம் எது கைக்கு எளிதாக இருந்ததோ அங்கே போய்விட்டார். பரிசு, ஆளை வாசல் வரைதான் கொண்டுவரும். உள்ளே உட்கார வைப்பது சரக்கும் சேவையும்தான்.

இன்னும் ஒரு கதை. இது நமக்குச் சற்றுத் தூரமானது. ஆனால் படிக்க வேண்டியது. ஜப்பானில் நிண்டெண்டோ என்ற விளையாட்டுக் கருவிக் கம்பெனி இருக்கிறது. 2011 பிப்ரவரியில் ‘3டிஎஸ்’ என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை அங்கே விற்பனைக்கு விட்டார்கள். விலை 25,000 யென். எதிர்பார்த்தபடி ஓடவில்லை. ஆறு மாதத்துக்குள், ஆகஸ்டில், விலையை 15,000 யென்னாகக் குறைத்தார்கள். இப்போது முழு விலை கொடுத்து முன்னாலேயே வாங்கியவர்களின் நிலை என்ன? “நம்பி முதலில் வாங்கிய நாம்தான் முட்டாள்கள்” என்று அவர்கள் பேசத் தொடங்கினால், அதைவிடக் கேடான விளம்பரம் வேறில்லை. கம்பெனி அதை உணர்ந்தது. முன்னரே வாங்கிய ஒவ்வொருவருக்கும் 20 விளையாட்டுகளை இலவசமாகக் கொடுத்து, அவர்களைத் தன் ‘தூதுவர்கள்’ என்று அழைத்தது. கம்பெனித் தலைவர் சடோரு இவாட்டா தம் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். அந்த நிதியாண்டில் கம்பெனிக்கு நஷ்டம். அதே ஆண்டு இறுதியில் நல்ல புதிய விளையாட்டுகளும் அந்தக் கருவிக்கு வந்தன. முடிவில் அது 7 கோடியே 50 லட்சத்துக்கும் மேல் விற்றது.

அதே கம்பெனி 2012-ல் ‘வீ யூ’ என்ற வேறொரு கருவியைக் கொண்டுவந்தது. அதுவும் மந்தம். 2014-ல் ஒரு புதிய விளையாட்டை வாங்கிப் பதிவு செய்தால் இன்னொன்று இலவசம் என்றெல்லாம் சலுகை கொடுத்துப் பார்த்தார்கள். ஆனால் அந்தக் கருவி எதற்கு என்பதே வாங்குபவருக்குக் கடைசி வரை விளங்கவில்லை. சுமார் 1 கோடியே 35 லட்சத்தோடு நின்றுபோனது. ஒரே முதலாளி, ஒரே பெயர், இரண்டிலும் சலுகை. ஒன்றில் விலையும் சரக்கும் சீரானது, சலுகை உதவியது. மற்றொன்றில் சரக்கே புரியவில்லை, சலுகை வீணானது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, முதல் கருவிக்கான பரிசு எங்கிருந்து வந்தது என்பதுதான். கம்பெனி தன் நஷ்டத்திலிருந்தும் தலைவரின் சம்பளத்திலிருந்தும் ஈடுகட்டியதே தவிர, புதிதாக வாங்கியவரின் கருவியில் உள்ளே ஒன்றைக் குறைத்துவிடவில்லை. நாம் சிக்கரியில் கை வைத்தோம். அவர்கள் தங்கள் பையில் கை வைத்தார்கள்.

அப்படியானால் பரிசுத் திட்டமே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. செய்யலாம். ஆனால் ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்ற பழமொழியை மறக்காமல் செய்ய வேண்டும். நமக்குத் தோன்றும் சில வழிமுறைகளைக் கீழே தருகிறோம்.

ஒன்று: முதலில் சரக்கைப் பாருங்கள். பழைய வாடிக்கையாளர் பரிசு இல்லாமலே நம்மைப் பற்றி நாலு பேரிடம் சொல்கிறாரா? சொல்லவில்லை என்றால் ஏன் என்று அவரையே கேளுங்கள். அரிசியில் கல், பருப்பில் பூச்சி, சில்லறை தருவதில் சிடுசிடுப்பு என்று ஏதோ ஒன்று இருக்கும். அதைச் சரிசெய்யும் செலவு பரிசைவிடக் குறைவு.

இரண்டு: கணக்குப் போடுங்கள். ஒரு குடும்பம் மாதம் 3,000 ரூபாய்க்குச் சாமான் வாங்குவதாகவும், மொத்த லாபம் நூற்றுக்கு எட்டு என்றும் வைத்துக்கொள்வோம். கைக்கு வருவது 240 ரூபாய். வாடகை, கூலி, வண்டிச் சத்தம் போக 60 ரூபாய் மிஞ்சினால் பெரிது. அழைத்து வந்தவருக்கு 100 ரூபாய் பரிசு என்றால், அந்தக் குடும்பம் இரண்டு மாதம் விடாமல் வந்தால்தான் நாம் சமநிலைக்கே வருகிறோம். ஆகவே புதியவர் முதல் முறை வந்த அன்றே பரிசைக் கொடுக்காமல், மூன்றாவது மாதம் வந்த பிறகு கொடுங்கள். இதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

மூன்று: ரொக்கமாகக் கொடுக்காமல் நம் சரக்காகவே கொடுங்கள். அமெரிக்காவில் டிராப்பாக்ஸ் என்ற நிறுவனம் 2008 முதல் வளர்ந்த விதம் இதற்குச் சான்று. கணினியில் உள்ள கோப்புகளைப் பத்திரமாக வைக்க இடம் தருவது அதன் தொழில். ஆள் சேர்த்தவருக்கும் சேர்ந்தவருக்கும் பணம் தராமல் கூடுதல் இடத்தையே பரிசாகத் தந்தது. பணம் வேண்டி வந்தவர் பணத்தோடு போய்விடுவார். சரக்கு வேண்டி வந்தவர் சரக்கைத் தேடித் திரும்ப வருவார். அழைத்தவர், வந்தவர் இருவருக்கும் சமமாகக் கொடுப்பதும் நல்லது. “எனக்குக் கிடைப்பது உனக்கும் கிடைக்கும்” என்று சொல்ல முடிந்தால்தான் அழைப்பவருக்குக் கூச்சம் இருக்காது.

நான்கு: சட்டத்தை அறிந்து செய்யுங்கள். பொருள் வாங்கியவர்களிடையே குலுக்கல் போட்டு அதிர்ஷ்டசாலிக்குப் பரிசு தருவது நம் மாநிலத்தில் 1979-ம் ஆண்டுத் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டத்தின்படி கூடாது. தேஸ் செயலி வந்தபோது அதன் சுரண்டல் அட்டைப் பரிசும் ஞாயிற்றுக்கிழமை அதிர்ஷ்டப் பரிசும் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குக் கிடையாது என்று விதியில் எழுதியிருந்ததற்கு இந்தச் சட்டமே காரணம். அவ்வளவு பெரிய கம்பெனியே ஒதுங்கிப்போன இடத்தில், நாம் கூப்பன் அச்சடித்துக் குடத்தில் போட்டுக் குலுக்குவது விவேகமாகாது. தகுதியுள்ள எல்லோருக்கும் ஒரே அளவு என்று கொடுங்கள். ஐயமிருந்தால் வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்து: ஒரு படியோடு நிறுத்துங்கள். ‘நீங்கள் சேர்த்தவர் இன்னொருவரைச் சேர்த்தால் அதிலும் உங்களுக்குப் பங்கு’ என்று ஆரம்பித்தால் அது கடை வியாபாரம் அல்ல, சங்கிலித் திட்டம். 1978-ம் ஆண்டு மத்தியச் சட்டமும் 2021-ல் வந்த நேரடி விற்பனை விதிகளும் பணச்சுழற்சித் திட்டங்களைத் தடைசெய்கின்றன. இப்படிப்பட்ட திட்டத்தோடு எந்த முகவர் நம் கடைப் படி ஏறினாலும், நம் பெயரையும் பலகையையும் அவருக்குக் கொடுக்கக் கூடாது. நம் பெயரை நம்பித்தான் நம் வாடிக்கையாளர் அதில் பணம் போடுவார்.

ஆறு: ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலவசப் பரிசாகக் கொடுத்த பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது. அதே தொகையை விற்பனைப் பில்லிலேயே தள்ளுபடியாகக் காட்டினால் தள்ளுபடி போக மீதிக்குத்தான் வரி. ஆகவே பரிசை அடுத்த பில்லில் கழிவாகக் கொடுப்பது மேல். கணக்கரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலான ஒன்று. திட்டம் நடக்கும் காலத்தில் எடை, தரம், விலை மூன்றிலும் ஒரு மயிரிழைகூட மாற்றம் கூடாது. பரிசுக்கு ஆகும் செலவை நம் லாபத்திலிருந்து எடுக்க முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் செய்யுங்கள். முடியாதென்றால் அட்டையைக் கழற்றிவிடுங்கள். அட்டையைக் கழற்றுவதில் அவமானம் ஏதும் இல்லை.

நாம் நம் அட்டையைக் கழற்றினோம். சிக்கரியையும் பழைய அளவுக்குக் கொண்டுவந்தோம். எத்தனை பங்கு காப்பி, எத்தனை பங்கு சிக்கரி என்று பலகையில் எழுதிவைத்து, கேட்ட அளவில் கண்ணெதிரே அரைத்துக் கொடுத்தோம். வியாபாரம் மெல்லத்தான் ஏறியது. போனவர்களில் சிலர் திரும்ப வந்தார்கள்; அந்த அம்மையார் வரவில்லை. கடைத்தெருவில் எதிரே பார்த்தால் “நல்லா இருக்கியா தம்பி” என்று கேட்பார். அந்த அளவோடு சரி.

நம்மை நம்பி ஒருவர் இன்னொருவரை அழைத்து வருகிறார் என்றால், அவர் நமக்கு ஜாமீன் நிற்கிறார். ஜாமீன் நின்றவருக்கு நூறு கிராம் தூள் கொடுப்பது பெரிய காரியம் அல்ல. அவரை ஊரார் முன் தலைகுனிய வைக்காமல் இருப்பதுதான் பெரிய காரியம். அதைச் செய்துவந்தால் பரிசுத் திட்டம் நமக்குத் தேவைப்படாமலே போகலாம் என்பதே நமது கருத்து.